முத்திரை விழாத சீட்டுகள்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், "கேள்வி கேட்கிற வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். மாதிரி எடுக்கிற வேலை என்று உண்மையைச் சொன்னால், "ரத்தமா, தண்ணியா?" என்கிறார்கள். ஆயிரம் பேரிடம் கேட்க நேரமில்லை, நூறு பேரிடம் கேட்டுவிட்டு ஆயிரம் பேருக்கும் பதில் சொல்ல வேண்டும், அந்த நூறு பேர் யார் என்று தீர்மானிப்பதுதான் என் பிழைப்பு என்று விளக்கினால், இதற்கு ஒரு ஆபீஸ் வேறு இருக்கிறதா என்பது போலப் பார்க்கிறார்கள். இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். அத்தனை வருடத்தில் போன மாதம் குழம்பியது போல ஒருநாளும் குழம்பியதில்லை.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சராசரி சார். நாற்பது பக்க அறிக்கையைக் கொண்டுபோய் நீட்டினால், அட்டையைக்கூடத் திருப்பாமல் "சராசரி என்னம்மா?" என்பார். அவருக்கு ஒரே ஒரு எண் வேண்டும். இரண்டு எண் சொன்னால் பல்வலி வந்தவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்.

அவர்தான் அந்த வேலையை என் தலையில் கட்டினார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடம். பதிவுக் கவுண்டரில் பேர் கொடுக்கவே காத்துக் கிடக்கிறோம் என்று புகார்மேல் புகார். நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு மணிக்குள் இருந்தால் எல்லாம் இப்படியே ஓடட்டும். தாண்டினால் நான்கு கவுண்டரையும் வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது. கம்பெனி தன் மெஷினோடும் தன் ஆட்களோடும் வரும். இப்போது உட்கார்ந்திருக்கும் நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நான்கு பேரில், மூன்றாம் கவுண்டரில், நரம்புப் பிரிவில், ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் என் தங்கை.

ஒளிக்கவில்லை, அன்றைக்கே சொல்லிவிட்டேன். "சார், அங்க என் தங்கச்சி வேலை பாக்கறா. வேற யாராவது பண்ணட்டுமே."

"வேற யாரும்மா இருக்கா? ஒருத்தர் லீவு, இன்னொருத்தருக்குக் கூட்டலே வராது" என்றார். "நம்பருக்கு அக்கா தங்கச்சி கிடையாது. நீயே பண்ணு."

அந்தக் கூடத்தில் நடக்கிற காரியம் சுலபமானது. வாசலில் ஒரு மெஷின். நான்கு பொத்தான்: எலும்பு, கண், நரம்பு, பொது. எதை அழுத்தினாலும் விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு வரும். அதில் நம்பரும் தேதியும் மணியும் இருக்கும். நம்பர் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஆனால் கூப்பிடுவது அந்தந்தக் கவுண்டரில். அதனால் பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், இவர் இன்னும் உட்கார்ந்திருப்பார். கவுண்டரில் இருப்பவர் நம்பரைக் கூப்பிட்டு, விவரம் எழுதி, அந்தச் சீட்டிலேயே மணி அடிக்கிற முத்திரையைக் குத்தி, மேசைமேல் நிற்கிற இரும்புக் கம்பியில் சொருகுவார். சீட்டின் மேலே வந்த நேரம், கீழே முத்திரை விழுந்த நேரம். கழித்தால் காத்திருந்த நேரம். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் தப்பு என் வாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது உளறிக் கொட்டினேன். அம்மா போன பிறகு வீட்டில் அப்பா, நான், சின்னவள், மூன்று பேர்தான். நாளை முதல் சனிக்கிழமை வரைக்கும் விழுகிற சீட்டுகளில் இருந்துதான் மாதிரி எடுக்கப் போகிறேன், ஒரு மணியைத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்று அவளிடம் பாதி விளையாட்டாகச் சொன்னேன்.

"நான் என்ன கையைக் கட்டிக்கிட்டா ஒக்காந்திருக்கேன்? மூணு பேர் பாக்கற வேலையை ஒருத்தி பாக்கறேன்" என்று சீறினாள் சின்னவள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "தாண்டினா என்ன ஆகும்?"

"தாண்டினா கவுண்டர் போச்சுப்பா."

"நாளையிலேர்ந்து சனிக்கிழமை வரைக்கும்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். ஒவ்வொரு வண்டிக்கும் வருகை இத்தனை மணி, புறப்பாடு இத்தனை மணி என்று எழுதி எழுதியே விரல் காய்த்துப் போனவர். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் பழக்கம் விடவில்லை. சட்டைப் பையில் ஒரு குட்டைப் பென்சில் இருக்கும். பால் வந்த நேரம், கரண்ட் போன நேரம், நான் குளியலறைக்குள் போன நேரம் எல்லாவற்றையும் கையில் கிடைத்த காகிதத்தின் ஓரத்தில் குறித்துவைப்பார். "வருகை 6.10" என்று காலண்டரில் எழுதியிருந்தால் அது பால்காரர். எழுத்து முத்து முத்தாக இருக்கும், அச்சில் ஏற்றினது போல.

மறுநாள் காலையில் அவர் கையிலிருந்து டம்ளர் நழுவி உடைந்தது. "சோப்புக் கைப்பா, பாத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன். சோப்பு இருந்ததா என்று பார்க்கவில்லை.

அந்த வாரம் முடிந்ததும் ஆஸ்பத்திரியின் ஆவண அறைக்குப் போனேன். ஆறு நாள் சீட்டுகள் கம்பி கம்பியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒரு நாளைக்கு நானூறு நம்பர், ஆறு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு. அதில் இருநூறு நம்பரைக் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கச் சொன்னேன். திங்கள் பதினேழு, திங்கள் அறுபத்து மூன்று என்று பட்டியல் வந்தது. நான் நம்பரைப் படிப்பேன், ஆவண அறைக்காரர் கம்பியிலிருந்து சீட்டைத் தேடி நேரத்தைப் படிப்பார். பதவிசான மனிதர். ஆனால் சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும் என்பதில் குறியாக இருந்தார்.

"நூத்தி நாப்பத்தாறு" என்றேன்.

"இல்லம்மா."

"இல்லைன்னா?"

"கம்பியில இல்ல. சில நம்பர் இருக்காது. அடுத்ததை எடுத்துக்குங்க, எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க."

அடுத்ததை எடுத்துக்கொண்டேன். அது ஒரு பழக்கம். வீடு வீடாகப் போகும்போது பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டுகிற மாதிரி. கூடாது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஆவண அறையில் புழுக்கம், அவருக்கு டீ, எனக்குப் பட்டியல் முடிய வேண்டும். இல்லாத நம்பர் வரும்போதெல்லாம் அடுத்ததை எடுத்து நோட்டில் குறித்தேன். மூன்று நாளில் வேலை முடிந்தது. சராசரி நாற்பத்தெட்டு நிமிடம்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் ஓடி வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "நாப்பத்தெட்டா? நல்லது" என்றார். வலது கையை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தோடு விட்டிருந்தால் நிம்மதி. என் சுபாவம் அப்படியில்லை. நாற்பத்தெட்டு நிமிடம்தான் என்றால் இத்தனை புகார் எங்கிருந்து வருகிறது? வியாழக்கிழமை நேராகக் கூடத்திலேயே போய் உட்கார்ந்தேன். அன்று முழுக்க, மணிக்கு ஒருமுறை அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலரைப் பிடித்து, சீட்டைப் பார்த்து, அவர்கள் கவுண்டருக்குப் போகும்வரை கூடவே இருந்து நேரம் எடுத்தேன். ஒரு பெண்மணி பாதிப் பின்னலில் இருந்த ஸ்வெட்டரைக் காட்டி, "இதை ஆரம்பிச்சதே இங்க வந்துதான்" என்றார். அன்றைய சராசரி தொண்ணூற்றிரண்டு நிமிடம்.

எனக்குத் தலை சுற்றியது. கூடம் ஒன்று, கவுண்டர்கள் அதே நான்கு, மெஷின் அதே மெஷின். கம்பியைக் கேட்டால் நாற்பத்தெட்டு என்கிறது, நாற்காலியைக் கேட்டால் தொண்ணூற்றிரண்டு என்கிறது. கூட்டலை நான்கு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டும் சரிதான். கோபம்கூட வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் ஒரு நூல் கிடைத்தது. எங்கள் எதிர் வீட்டு மாடியில் ஒரு மாமா எந்நேரமும் பால்கனியில் நிற்பார். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர்தான் கண்ணில் படுவார். தெருவில் இருநூறு பேர் ஓட்டமும் நடையுமாக வேலைக்குப் போய்வருகிறார்கள், அவர்கள் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். ஜன்னலை மட்டும் நம்பினால், இந்தத் தெருவில் எல்லோரும் வெட்டியாக நிற்கிறார்கள் என்று எழுத வேண்டியதுதான். கூடத்திலும் அதே கதை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் என் கண்ணில் மூன்று முறை படுகிறார். பத்து நிமிடத்தில் போகிறவர் படவே மாட்டார். அதனால்தான் தொண்ணூற்றிரண்டு. ஆகவே நாற்பத்தெட்டுதான் சரி என்று ஒரு நிறுத்தம்வரை சந்தோஷமாக வந்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் அந்தச் சந்தோஷம் இறங்கிப் போனது. கம்பியில் இருப்பவர்கள் எல்லோரும் முத்திரை வாங்கியவர்கள். முத்திரை வாங்காதவர்கள்? நோட்டை எடுத்து எண்ணினேன். இருநூறு நம்பரில் முப்பத்து நான்கு நம்பருக்கு "இல்லை, அடுத்தது" என்று நானே என் கையால் எழுதியிருந்தேன்.

சின்னவள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டேன். "நம்பரைக் கூப்பிட்டு யாரும் வரலைன்னா என்னடி பண்ணுவே?"

"மூணு தடவை கூப்பிடுவேன். வரலைன்னா அடுத்தது."

"அவங்க எங்க போயிருப்பாங்க?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? காப்பி குடிக்கப் போயிருப்பாங்க. வலி நின்னிருக்கும். சும்மா பொத்தானை அமுக்கிப் பாத்திருப்பாங்க." துண்டை உதறினாள். "ஏன், இப்ப அவங்க வேறயா? நாப்பத்தெட்டுன்னு சொன்னியே."

"சொன்னேன். காத்துக் காத்துப் பாத்துட்டு எழுந்து போனவங்களா இருந்தா? அதிக நேரம் காத்திருந்தவங்கதானே எழுந்து போவாங்க? அவங்களை விட்டுட்டா சராசரி தன்னால குறைஞ்சிடும்."

"அப்ப எத்தனை போடப் போறே?"

"தெரியல."

"தெரியலையா? பன்னெண்டு வருஷமா இதைத்தானே பண்றே?" அவள் குரல் உயர்ந்தது. "அக்கா, அந்த முத்திரை மெஷின் பக்கவாட்டுல ஒரு சின்னத் திருகு இருக்கு. திருப்பினா மணி பின்னாடி போகும். நான் நெனச்சா வர்றவங்க எல்லாரையும் பத்து நிமிஷத்துல அனுப்பின மாதிரி காட்டியிருக்கலாம். ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்ல. நீ என்னடான்னா வராதவங்களைக் கூட்டிட்டு வந்து என் தலையில ஒக்கார வைக்கறே."

அவள் சொல்வதும் நியாயம், நான் சொல்வதும் நியாயம். அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலையில் சராசரி சாரிடம் மூன்றையும் கொண்டுபோய் வைத்தேன். நாற்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு, முப்பத்து நான்கு பேர் காணோம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்காரன் ஒரு எண்ணு கேட்டா நீ விடுகதை போடறியே. நாப்பத்தெட்டுன்னு குடுத்துட்டுப் போவோமே. சீட்டு இருக்கு, முத்திரை இருக்கு, யார் வந்து என்ன கேக்கப் போறாங்க?"

"காணாமப் போனவங்க சார்..."

"காணாமப் போனவங்க வந்து கேக்க மாட்டாங்க" என்றார். "திங்கக்கிழமை அனுப்பிடு."

அனுப்பிவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மேலதிகாரியே சொல்லிவிட்டார், தங்கையும் பிழைத்தாள், புத்தகத்தை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்.

சனிக்கிழமை காலை. சின்னவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் துணிகளை வாஷிங் மெஷினில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் சட்டைப் பைகளைத் துழாவாமல் போட முடியாது. காகிதம் கரைந்து எல்லாத் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். பழுப்புச் சட்டையின் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு சீட்டு வந்தது. மூன்று நாளாக நான் நூற்றுக்கணக்கில் பார்த்த அதே சீட்டு. நம்பர் இருநூற்றுப் பதினான்கு. போன வாரம், செவ்வாய்க்கிழமை. மணி 9.12. நரம்புப் பிரிவு.

முத்திரை விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "புறப்பாடு 11.40."

எழுத்து கோணியிருந்தது. 'ற' பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, கோட்டைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. முத்து முத்தாக எழுதுகிற அப்பாவின் எழுத்து அது என்று எனக்குப் பிடிபடவே சற்று நேரமானது. டம்ளர் ஞாபகம் வந்தது.

ஈரக் கையோடு போய் நோட்டைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கம். என் கையெழுத்து எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது: "213, இல்லை. 214, இல்லை. 215, 22 நிமிடம்."

இருநூற்றுப் பதினைந்து கண் பிரிவுக்கு வந்து, சொட்டு மருந்துக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போனவராக இருக்கும். எங்கள் அப்பா உட்கார்ந்திருந்த நூற்று நாற்பத்தெட்டு நிமிடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அவருடைய இருபத்திரண்டு நிமிடத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வைத்தது நான்தான், வேறு யாருமில்லை.

அப்பா பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், இடது கையால். சீட்டை அவர் முன்னால் நீட்டினேன்.

"என்னப்பா இது?"

பார்த்தார். திருட்டு முழி முழித்தார். "அதுவா... அந்தப் பக்கம் போனேன். சும்மா."

"நரம்புப் பிரிவுக்குச் சும்மா போவாங்களா? கையைக் காட்டுங்க."

காட்டினார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கச் சொன்னேன். சேர்ந்தன, ஆனால் நடுவில் வைத்த பென்சில் நழுவி விழுந்தது. "ரெண்டு மாசமா மரத்துப் போகுது. போன வாரம் திங்கக்கிழமை டம்ளர் விழுந்துச்சே, அப்பதான் கொஞ்சம் பயமா இருந்துச்சு" என்றார். "உங்ககிட்ட சொன்னா ரெண்டு பேரும் ஆடித் தீத்துடுவீங்க. போனதும் முடிஞ்சுடும்னு நெனச்சுப் போனேன். தூணுக்குப் பின்னாடி ஒக்காந்தேன், சின்னவ கண்ணுல படாம."

"அவகிட்ட போய் நின்னிருந்தா முன்னாடியே அனுப்பியிருப்பாளே."

"எல்லாரும் ஒக்காந்திருக்காங்க, நான் மட்டும் பொண்ணு இருக்காளேன்னு முன்னாடி போகவா?"

"சரி, ஒக்காந்தீங்க. ஏன் எழுந்து வந்தீங்க?"

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "நீதானே சொன்னே. அந்த வாரம் கணக்கெடுக்கற வாரம், ஒரு மணி தாண்டினா அவ கவுண்டர் போச்சுன்னு. பத்தே காலுக்கே எனக்கு ஒரு மணி தாண்டிடுச்சு. அவ தண்ணிகூடக் குடிக்காம கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, பாவம். நான் ஒக்கார ஒக்கார அவ சராசரிதானே ஏறுது? முத்திரை விழுந்தாத்தானே கணக்கு? விழாம வந்துட்டா ஒண்ணுமில்லையேன்னு எழுந்து வந்துட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர் கணக்கு சரி. என் முறையின் ஓட்டையை நான் மூன்று நாள் மண்டை காய்ந்து கண்டுபிடித்தேன். அவர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்து, அதற்குள் புகுந்து வெளியேயும் வந்துவிட்டார்.

"அப்பா, நீங்க இருந்திருந்தா நாப்பத்தெட்டுக்கு மேல நூறு நிமிஷம் கூடியிருக்கும். அதாவது ஆறாயிரம் செகண்ட். அதை ரெண்டாயிரம் சீட்டுக்குப் பங்கு போடுங்க. எவ்வளவு வருது?"

டைம் கீப்பருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. "மூணு செகண்ட்" என்றார்.

"மூணு செகண்டுப்பா! மூணு செகண்டுக்காக டாக்டரைப் பாக்காம வந்திருக்கீங்க!"

"அவ பக்கம் மூணு செகண்ட் கூட இருக்கட்டுமே" என்றார் அப்பா. "மூணு செகண்டுல ஒரு வண்டியைத் தவறவிட்டவங்களை நான் பாத்திருக்கேன்."

அன்றைக்கே சராசரி சாருக்குப் போன் செய்தேன். நாற்பத்தெட்டை அனுப்ப முடியாது, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றேன்.

"இல்லாதவங்களை எப்படிம்மா எண்ணுவே?"

"கம்பியில எடுக்காம வாசல்ல எடுக்கப் போறேன் சார். மெஷின்ல சீட்டு வரும்போதே நம்பரைப் பொறுக்கிடணும். அந்த ஆளை முத்திரை விழற வரைக்கும் கண்ணுல வெச்சுக்கணும். எழுந்து போனா போன நேரத்தை எழுதிக்கணும். அடுத்த நம்பர் கிடையாது."

"ஒரு நம்பருக்கு ஒரு ஆள் காவலா?" அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு. "ஒரு வாரம். அதுக்கப்புறம் எனக்கு ஒரே எண்ணு."

அந்த ஒரே எண் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போனவர்கள் எல்லோரும் அப்பா அளவுக்குக் காத்திருந்தவர்களாக இருந்தால், மனக்கணக்கிலேயே அறுபத்தைந்து வந்தது. சின்னவள் கவுண்டர் போய்விடும். எல்லோரும் காப்பி குடிக்கப் போனவர்களாக இருந்தால் தப்பித்தாள். முப்பத்து நான்கு பேரில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. தெரிந்த ஒரே ஆள் என் பட்டியலிலேயே விழாதவர், இன்னொரு நம்பருக்குப் பதிலாக எடுக்கப் போய் அதுவும் கிடைக்காமல் போனவர். ஒரு ஆளை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்த ஒரு ஆள் எங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

திங்கட்கிழமை காலை அப்பாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். சின்னவளிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார், சொல்லவில்லை. அவர் கையாலேயே பொத்தானை அழுத்தினார். நூற்று ஐம்பத்தாறு, 8.51. வாசலில் எங்கள் பிரிவு ஆட்கள் இருவர் பட்டியலோடு நின்றார்கள். அப்பா தூணுக்குப் பின்னால் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இந்த வாரமும் கணக்கு இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"என் நம்பர் விழுந்திருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"எழுந்து போயிட்டா?"

"போன நேரத்தையும் எழுதுவாங்க. இப்ப எழுந்து போறதால யாருக்கும் ஒண்ணும் குறையாதுப்பா."

"அப்ப ஒக்காந்தே இருக்கேன்" என்று காலை நீட்டிக்கொண்டார்.

உட்கார்ந்திருந்தோம். சின்னவளின் குரல் ஒலிபெருக்கியில் வந்துகொண்டே இருந்தது. பத்து மணிக்குக் கம்ம ஆரம்பித்து, பத்தரைக்குக் கரகரத்தது. நடுவில் ஒரு நம்பரை மூன்று முறை கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"நூத்தி ஐம்பத்தாறு."

அப்பா எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு போனார். நான் இரண்டடி பின்னால். சின்னவள் சீட்டுக்காகக் கையை நீட்டினாள், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா?" என்றாள். "நீங்க எங்க இங்க? அக்கா, என்ன ஆச்சு?"

பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து அவள் மேசைமேல் வைத்தேன். நம்பரைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், பென்சில் எழுத்தைப் பார்த்தாள். அந்தக் கோணல் 'ற'வின்மேல் அவள் விரல் நின்றது.

"ஏம்ப்பா?"

"அந்த வாரம் உனக்குக் கணக்கு வாரமாச்சே" என்றார் அப்பா, தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர் போல.

பின்னால் யாரோ, "என்னம்மா, குடும்பக் கதையா?" என்று முணுமுணுத்தார்கள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விவரம் எழுதினாள். பெயர், வயது, எத்தனை நாளாக மரத்துப் போகிறது. பிறகு இன்றைய சீட்டை முத்திரை மெஷினில் வைத்து அழுத்தினாள். 11.03. நூற்று முப்பத்திரண்டு நிமிடம். அவள் கை அந்தத் திருகின் பக்கம் போகவே இல்லை.

கம்பியில் சொருகப் போனவள் நின்றாள். பழைய சீட்டையும் எடுத்தாள். "புறப்பாடு 11.40" என்பதன் கீழே வைத்து அதற்கும் ஒரு முத்திரை குத்தினாள், தேதியோடு. இரண்டையும் சேர்த்துக் கம்பியில் சொருகினாள்.

"இதையும் எழுதிக்கோக்கா" என்றாள். "செவ்வாக்கிழமையிலேர்ந்து எழுது. அப்பா அன்னிக்கு எழுந்து போனாரே தவிர, காத்திருக்கறது இப்பதான் முடிஞ்சுது."

"கவுண்டர் போயிடும்டி."

"போகட்டும்" என்றாள். குரல் சுத்தமாகக் கம்மிவிட்டது. "நூத்தி ஐம்பத்தெட்டு."

அப்பாவை டாக்டர் அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இருநூற்றுப் பதினைந்தின் இருபத்திரண்டு நிமிடத்தை அடித்தேன். "214, இல்லை" என்பதையும் அடித்தேன். அந்தச் செவ்வாய் 9.12 முதல் இன்றைய 11.03 வரை கழித்துப் பார்த்தேன், விரல் விட்டும் எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று நாள், ஒரு மணி, ஐம்பத்தொரு நிமிடம் வந்தது. நோட்டில் நிமிடத்துக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருந்தேன். நாள் கணக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.